நின்றுவிடும் சங்கிலி வாள்

காற்றிற் சாய்ந்த மரம் பாதையை மறித்துக் கிடக்கிறது. சங்கிலி வாளின் கயிற்றை இழுக்கிறோம். இயந்திரம் உறுமுகிறது, ஒரு சில வினாடிகளில் அடங்கிவிடுகிறது. மறுபடி இழுத்தாலும் அதே கதை.

பலர் முதலிற் கழற்றுவது பிளக்கைத்தான். இயங்கத் தொடங்கிய இயந்திரத்திலே தீப்பொறியும் அமுக்கமும் உள்ளனவென்பது வெளிப்படை. பெரும்பாலும் அது வாடுவது எரிபொருளுக்கே. தாங்கிக்குள் குழாயின் நுனியிலே சிறு வடிகட்டி ஒன்று தொங்கும். வளைத்த கம்பியால் அதை வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்து அடைபட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். சில நிமிடம் ஓடியபின் நிற்குமாயின், ஆறவிட்டு மூடியைத் திறவுங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டால், தாங்கியின் காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளது.

மாதக்கணக்கிற் கிடந்த பெற்றோல் இன்னொரு பகை. அதன் பிசின் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். பெற்றோலை இழுத்தூட்டும் மெல்லிய சவ்வும் நாளடைவில் விறைத்துப்போகும். புதுச் சவ்வு போடுவதே வழி. புகைபோக்கியின் வலையிற் கரி படிந்தாலும் மூச்சுத் திணறும்.

காபரேற்றரின் திருகாணியை மனம்போனபடி முறுக்குவோரைக் கண்டால் எனக்கு அச்சம். இவ்வியந்திரத்துக்கு உராய்வு நீக்கும் எண்ணெய் பெற்றோலுடனேயே வருகிறது. 50க்கு 1 எனக் குறித்த இயந்திரமாயின், லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். பெற்றோலைக் குறைத்தால் எண்ணெயுங் குறையும். பிஸ்ரன் கீறுண்டு இறுகிவிடும். நிற்குமுன் இயந்திரம் தானாக வேகமெடுத்து அலறினால் எங்கோ காற்றுக் கசியக்கூடும். அப்போது கயிற்றைத் தொடாது, திருத்துநரிடம் கொண்டுசெல்லுங்கள்.