நெல்விலை வீழ்ந்தபோது எழுந்தவர்

(கள்ளக்குறிச்சியில் திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வராயன் மலையிலிருந்து வந்து என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் திடுமெனப் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். உசாவினேன். மரவள்ளிக்கிழங்கு விளையுமுன்பே அவன் தந்தை கீழ்நாட்டு வணிகர் ஒருவரிடம் முன்பணம் பெற்றிருந்தார். கிழங்கு பறிக்கும் வேளையில் விலை சரிந்தது. விளைந்ததெல்லாம் கொடுத்தும் கடன் அடையவில்லை. எஞ்சிய கடனுக்கு மகனின் உழைப்பே ஈடாயிற்று. "விலை குறைந்தது என் பிழையா, ஐயா?" என்று அத்தந்தை கேட்டார். விடை கூற இயலாமல் திரும்பினேன். அந்த வினாவை நெஞ்சிற் கொண்டே ஒரு பெருஞ்செல்வரின் வாழ்க்கையை இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

அவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1908இல் பிறந்த நகரத்தார் குலத்தவர். தந்தையார் சர் முத்தையா செட்டியாரை இளமையிலேயே இழந்து, குடும்பத் தொழிலின் சுமையைத் தோளேற்றவர். அவர் பொறுப்பேற்ற காலம் எத்தகையது? 1929 அக்டோபரில் நியூயார்க்குப் பங்குச் சந்தை வீழ்ந்தது. அவ்வீழ்ச்சி உலகப் பொருளியல் பெருந்தொய்வாக வளர்ந்து, கடல்கடந்து பருமாவையும் தாக்கியது. அந்நாடோ நகரத்தார் வட்டித்தொழிலின் நிலைக்களம். இரங்கூன் முகல் தெருவில் கிட்டங்கி அமைத்து, பேரேடும் ஐந்தொகையும் தமிழிலேயே எழுதி, ஐராவதி ஆற்றுப்படுகையின் உழவர்க்கு முதல் வழங்கியவர்கள் அவர்களே. கணக்கியலுக்குத் தமிழ் போதாது என்பார் அவ்வேடுகளைக் காண்பாராக!

நெல்விலை பாதிக்கும் கீழே இறங்கியது. உழவரால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கைமாறின. கீழ்ப் பருமாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலவுடைமை, 1937இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. ஏட்டளவில் இஃது ஆக்கமே. உண்மையில் இஃது ஆக்கமா? அவர்கள் வேண்டியது பணம். வந்து சேர்ந்ததோ விற்க வழியற்ற நிலம். நிலமிழந்த பருமிய உழவரின் நெஞ்சில் எரிந்த தீயும் அந்நிலத்தோடு வந்தது. 1942இல் சப்பானியர் படையெடுத்தபோது பல்லாயிரவர் அனைத்தையும் விட்டு ஓடிவந்தனர். 1948இல் விடுதலை பெற்ற பருமா, நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. கடன்பட்டவன் வீழ்ந்த இடத்தில் கடன் கொடுத்தவனும் நிலைத்து நிற்க முடியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சிதம்பரனார் வேறு வழி கண்டார். தனியொரு குடும்பத்தின் முதலைத் தனியொரு விளைபொருளின் விலையோடு பிணைத்த பழைய முறையை விடுத்து, பலருடைய சேமிப்பைத் திரட்டிப் பல நாடுகளில் பரப்பும் வைப்பகத்தை நிறுவினார். 10-2-1937 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பெற்ற இந்தியன் ஓவர்சீசு வங்கியே அது. அயல்நாட்டுச் செலாவணியே அதன் சிறப்புத் தொழில். பருமாவை இழந்த பின்னரும் அது வீழவில்லை. 1969இல் நாட்டுடைமையாகி இன்றும் இயங்குகின்றது. சென்னை அண்ணா சாலையில் எழுந்து நிற்கும் காப்பீட்டுக் கழகக் கட்டடமும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கப்பெற்றதே. அது 1959இல் திறக்கப்பட்டபோது காண அவர் இல்லை. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நேர்ந்த வானூர்தி விபத்தில் அவர் மறைந்துவிட்டார்.

பெருமக்களே! அவரை வெறும் புகழுரையால் அளந்துவிடலாகாது. அவர்தம் முதலும் அப்பழைய வட்டித்தொழிலில் விளைந்ததே. ஆயினும் அவர் வாழ்க்கை ஓர் உண்மையை நமக்கு உரைக்கின்றது. நலிந்தவன் நிலத்தை வாங்கிக் குவிப்பது வளர்ச்சியன்று. பலர் நம்பிக் கொடுக்கும் சிறு தொகையைக் காத்துப் பெருக்குவதே வளர்ச்சி.

இவ்வுண்மையை நம் மலைக்குப் பொருத்திப் பாருங்கள். விலை வீழ்ச்சியின் முழுச் சுமையும் உழுதவன் தலைமேல் ஏறும்வரை, கல்வராயன் மலையிலும் ஒரு சிறு பருமா இருந்துகொண்டேதான் இருக்கும். சுமையைப் பகிரும் வழி நமக்குப் புதியதன்று. திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904இலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் கண்ட நாடு இது. படித்த இளைஞர்களே! மலையூர்தோறும் செல்லுங்கள். கைந்நாட்டு வைக்குமுன் ஆவணத்தைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். வட்டியைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். கிழங்கையும் புளியையும் கூட்டாக விற்க வழி செய்யுங்கள்.

அத்தந்தைக்கு அன்று நான் சொல்லாத விடையை இன்று சொல்கின்றேன்: விலை குறைந்தது உன் பிழையன்று, ஐயா. உன்னைத் தனியே நிற்க விட்டது எங்கள் பிழை.