குழியிலிருந்து டிரம்முக்கு

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கறிக்குப் புகை போடுற டிரம் பத்திப் பேசப்போறேன்னு சொன்னதும் பின்வரிசையில் சிலபேர் சிரிச்சீங்க. சிரிங்க. ஆனால் கறியும் அடுப்பும் அரசியலுக்கு வெளியே இருக்கின்றன என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? மாட்டுக்கறியைக் காரணம் காட்டியே நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள்தானே? தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள உறவை 1948இல் ஒரு நூலாகவே எழுதினார் அம்பேத்கர். அவர்தான் 1946இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, உங்கள் மக்கள் நிலையும் எங்கள் மக்கள் நிலையும் ஒத்திருக்கிறது என்றார். அந்தக் கடிதம் காட்டிய வழியில்தான் அந்த மக்களின் அடுப்பைப் பார்க்கப் போகிறோம்.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் பண்ணை முதலாளி விருந்து வைப்பான். நீளமாகக் குழி வெட்டி, விறகை எரித்துத் தணலாக்கி, முழு மிருகத்தை ராமுழுக்கப் புரட்டி வேகவைத்தவர்கள் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பர்கள். அந்த வித்தையின் ஒரு வேர் அந்த மண்ணின் பூர்வகுடிகளிடம் இருக்கிறது. வளர்த்த கை கறுப்பர் கை. பேர் மட்டும் விருந்து வைத்தவனுக்கு.

1865 ஜூன் 19இல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் விடுதலை ஆணை வாசிக்கப்பட்டது. அடுத்தடுத்த வருஷங்களில் அந்த நாளைக் கொண்டாடியபோதும் கறியை வாட்டினார்கள். ஆனால் இந்தமுறை விருந்தாளியும் அவங்களேதான். 1908 வாக்கில் கான்சாஸ் நகரத்தில் ஹென்றி பெரி என்ற கறுப்பர் புகைபோட்ட கறியைச் செய்தித்தாளில் சுற்றி விற்றார். அந்த நகரத்தின் பேர்பெற்ற கறிக்கடைகளின் கால்வழி அவரிடம் தொடங்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குழி வெட்ட நிலம் வேணும். விடுதலையானவர்களில் ஒரு பகுதியினருக்கு 40 ஏக்கர் தருவதாக 1865இல் ஆணை போட்டார்கள்; அதே வருஷமே பிடுங்கிக்கொண்டார்கள். பஞ்சமி நிலம் பறிபோன கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிரம்முக்கு நிலம் வேண்டாம். கொல்லையில் வைக்கலாம், தெருமுனையில் வைக்கலாம், துரத்தினால் தூக்கிக்கொண்டு போகலாம். தொழிற்சாலை கழித்துப்போட்ட 200 லிட்டர் இரும்பு டிரம்மை நிலமில்லாதவனின் குழியாகத்தான் நான் பார்க்கிறேன்.

செய்முறை இதுதான். டிரம்மைப் படுக்கவைத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கணும். கீழ்ப்பாதிக்கு ஆங்கிள் இரும்பில் கால். மேல்பாதி கீல் வைத்த மூடி. ஒரு ஓரத்தில், கீழே, காற்று நுழைய ஓட்டை. எதிர் ஓரத்தில், மேலே, புகைபோக்கி. இரண்டுக்கும் அடைப்பு வேணும். சூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் அந்த அடைப்புதான். நெருப்பு காற்றோட்டைப் பக்கம், கறி புகைபோக்கிப் பக்கம், கம்பித்தட்டின் மேல். நெருப்புக்கு நேர் மேலே வைத்தால் கருகிடும்.

இரண்டு எச்சரிக்கை. பெட்ரோல், ரசாயனம் இருந்த டிரம்மை வெட்டவே கூடாது. 'காலி டிரம்தானே'ன்னு நினைக்காதீங்க. உள்ளே தங்கின ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். துத்தநாகம் பூசிய தகடும் கம்பியும் வேண்டாம், சூடேறினால் நச்சுப்புகை. சமையல் எண்ணெய் வந்த டிரம் நல்லது. முதலில் வெறும் டிரம்மில் நெருப்பு மூட்டி உள்பூச்சை எரித்துச் சுரண்டி, எண்ணெய் தடவிக் காயவைக்கணும், தோசைக்கல்லைப் பழக்குற மாதிரி. எப்போதும் வெட்டவெளியில் வைத்தே மூட்டணும்.

மாட்டின் நெஞ்சுக்கறி கெட்டியானது. வசதியானவன் ஒதுக்கிய மலிவுக்கறி. 110 டிகிரி வாக்கில் 10, 12 மணிநேரம் வைத்தால் அதன் நார் இளகிப் பசையாகி, கறி பஞ்சாகப் பிரியும். மெல்லிய நீலப்புகை வந்தால் சரி. அடர்ந்த வெள்ளைப்புகை கசக்கும். இதைப் புத்தகம் பார்த்தா கண்டுபிடித்தார்கள்? ராத்திரி முழுக்க முழித்திருந்த கண் கண்டுபிடித்தது. இது அறிவு இல்லையென்றால் வேறு எது அறிவு?

இன்று அந்தக் கறி அங்கே பெரிய வியாபாரம். குழிக்குப் பக்கத்தில் நின்றவர்களின் பேர் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. நமக்கும் அதே கதிதான். உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்ட உப்புக்கண்டத்தை, ஆள் வருவது தெரிந்து அவசரமாக எடுத்து ஒளித்த வீட்டுப்பிள்ளைகள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். ஊருக்குப் போனதும் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்க: எவ்வளவு உப்பு, எத்தனை வெயில், எந்த விறகுப் புகை. அவங்க பேரோடு எழுதுங்க. நாம எழுதலைன்னா, நாளைக்கு வேறொருத்தன் அவன் பேரில் எழுதுவான்.