காவலும் மக்களும்



கொச்சியில் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது தோப்பும்படி. அங்கே மீன்பிடித் துறைமுகம் உண்டு. படகுகள் வரும். மீன் விற்கும். பணம் கைமாறும். பல ஊர்க்காரர்கள் வந்து போவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் குற்றம் நடக்காமல் தடுப்பது எப்படி?

போலீசார் மட்டும் தடுக்க முடியுமா? முடியாது. எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, தெருவில் புதிதாகச் சுற்றுவது யார் என்பதெல்லாம் அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஸ்டேஷன் என்றாலே பலருக்குப் பயம். பயந்தவர் வாய் திறக்க மாட்டார். அதனால் லாபம் யாருக்கு? குற்றவாளிக்குத்தான்.

இந்தப் பயத்தைப் போக்க, 2008-ல் கேரளத்தில் 'ஜனமைத்ரி' திட்டம் தொடங்கியது. மைத்ரி என்றால் நட்பு. முதலில் 20 காவல் நிலையங்களில் நடந்தது. பிறகு மாநிலம் எங்கும் பரவியது. ஒரு பகுதிக்கு ஒரு போலீஸ்காரர் பொறுப்பு. அவர் வீடு வீடாகப் போய்ப் பழகுவார். போலீசாரும் மக்களும் ஒரே குழுவில் உட்கார்ந்து ஊர்ப் பிரச்சினைகளைப் பேசுவார்கள்.

நட்பு மட்டும் போதுமா? போதாது. உரிமையும் தெரிய வேண்டும்.

வழிப்பறி, கொள்ளை போன்ற குற்றம் நடந்தால், போலீசார் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும். வாயால் சொன்னாலும் போதும். அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி, எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. மறுத்தால், மாவட்டக் காவல் தலைவருக்குத் தபாலில் எழுதலாம்.

ஒருவரைக் கைது செய்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்குச் சட்ட உதவி இலவசம்.

தோப்பும்படி இருப்பது எர்ணாகுளம் மாவட்டத்தில். 1990-ல் நாட்டிலேயே முதலில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட மாவட்டம் அதுதான். கைநாட்டு வைத்தவர்கள் அங்கே கையெழுத்துப் போடக் கற்றார்கள்.

கையெழுத்து மட்டும் போதாது. ஸ்டேஷனில் ஒரு தாளை நீட்டினால், முதலில் படியுங்கள். சொன்னதுதான் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மட்டுமே கையெழுத்துப் போடுங்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது எளிதல்ல.