கோப்பைகளை எண்ணலாமா?

(இளைஞர் நலப் பணி அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் படித்தவனுக்குக் கால்பந்து மைதானத்தில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். ஒரு பொருளின் தரம் வாங்கும்போதே தெரியாவிடில், வாங்குபவர் ஏதேனும் ஒரு வெளி அடையாளத்தை நம்பி ஏமாறுவார் என்பது எங்கள் பாடத்தில் உள்ளதுதான். சிறுவர் கால்பந்துக் கழகங்கள் அளிக்கும் பயிற்சி அத்தகைய பொருள். அதன் பலன் தெரிய எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். ஆகவே, பெற்றோர் கண்ணாடி அலமாரியிலுள்ள கோப்பைகளை எண்ணுகின்றனர்.

நானும் எண்ணினேன். என் தங்கை மகனுக்குப் பதினொரு வயதானபோது அவனுக்கான கழகத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். சிறிய உருவம், ஆனால் பந்து காலோடு ஒட்டிக்கொண்டே வரும். மூன்று ஆண்டுகளில் அவன் போட்டிகளில் ஆடியது பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடங்கள். கழகம் கோப்பைகளை வென்றது. பதினான்காம் வயதில் அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான். பதினேழு வயதில் என்னைவிட உயரமாகிவிட்டான். அப்போது அவனிடம் பந்தைப் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை.

பன்னிரண்டு வயதில் வெற்றியைத் தேடித் தருவது பெரும்பாலும் திறமையன்று, உடற்கட்டு. வயதுப் பிரிவை ஜனவரி 1ஆம் நாளைக் கொண்டு கணக்கிட்டால், அவ்வாண்டு ஜனவரியில் பிறந்த சிறுவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். போதாக்குறைக்கு வயதைக் குறைத்துக் காட்டும் சான்றிதழ்கள் வேறு. பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்க வேண்டிய நிலை ஃபிஃபாவுக்கே ஏற்பட்டது. (சான்றிதழில் முத்திரை இடுவோர் நம்மைப் போன்ற அலுவலர்களே!)

அப்படியானால் எதைப் பார்ப்பது? போட்டி நாளில் போகாதீர்கள். சாதாரண நாளில், சொல்லாமல், பயிற்சி நேரத்தில் போய் நில்லுங்கள். பந்துகளை எண்ணுங்கள். இருபத்திரண்டு பேருக்கு ஒரே பந்து என்றால், ஒரு மணி நேரத்தில் ஒருவன் பங்குக்கு மூன்று நிமிடம்கூட வராது. நால்வருக்கு நால்வர் ஆடினால் ஏழரை நிமிடம் வரும். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2018இல் தொடங்கிய கோல்டன் பேபி லீக் ஆட்டங்கள் சிறு மைதானத்தில், குறைந்த ஆட்களுடன் ஆடப்பட்டதன் காரணமும் இதுவே. வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருக்கும் சிறுவன் நிற்கத்தான் கற்றுக்கொள்கிறான்.

அடுத்து, மிக இளைய பிரிவுக்குப் பயிற்றுநர் யார் என்று கேளுங்கள். பயிற்றுநர் உரிமங்கள் டி, சி, பி, ஏ என ஏறுவரிசையில் உள்ளன. உயர்ந்த உரிமம் பெற்றவரைப் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டு, சிறுவர்களை யாரிடமோ விட்டுவிடும் கழகங்கள் உண்டு. கோல் காவலர் நெட்டையான முன்கள வீரனை நோக்கி உதைப்பதே ஆட்டமா, அல்லது பின்களச் சிறுவனும் பந்தை அடக்கித் திரும்பத் துணிகிறானா என்று கவனியுங்கள். அவன் பந்தை இழந்தால் பயிற்றுநர் கத்துகிறாரா என்பதையும் கவனியுங்கள். நான் அதிகம் நம்பும் கேள்வி மற்றொன்று: ஐந்தாண்டுகளுக்கு முன் இங்கிருந்த சிறுவர்களில் எத்தனை பேர் இன்றும் ஆடுகிறார்கள்?

ஜாம்ஷெட்பூரில் 1987இல் தோன்றிய டாட்டா கால்பந்து அகாடமி போன்ற தங்கிப் பயிலும் நிலையங்களில் ஒரு சிலருக்கே இடம் கிடைக்கும். ஏனையோருக்குத் தெருமுனைக் கழகமே கதி. அதற்கும் ஒரு வருவாய் வழி உண்டு. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கழகத்துக்கு மாறினால், மாற்றுக் கட்டணத்தில் ஐந்து விழுக்காட்டை அவரைப் பன்னிரண்டு வயது முதல் வளர்த்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. சிறுவனை முறையாகப் பதிவு செய்திராத கழகம் அதைக் கேட்டுப் பெறுவது கடினம். எனவே, பதிவு உண்டா என்று விசாரியுங்கள்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் பார்த்த நிதியுதவி விண்ணப்பப் படிவம் ஒன்றில் 'வென்ற கோப்பைகள்' என்ற பத்தி அரைப் பக்கம் இருந்தது. அதைச் சுருக்கி, கழகத்தில் உள்ள பந்துகளின் எண்ணிக்கைக்கும், விட்டுச் சென்ற சிறுவர்களின் எண்ணிக்கைக்கும் இரு பத்திகள் சேர்க்கலாம். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.