காக்கை இரண்டு, பெயரும் இரண்டு



காக்கை என்றாலே கறுப்பு என்பர். அக் கூற்று ஒரு காக்கைக்கே முழுதும் பொருந்தும். மற்றொன்றற்குப் பாதியே பொருந்தும். தமிழ்நாட்டில் நாளும் காணப்பெறும் காக்கை இரண்டு. ஒன்று ஊர்க்காக்கை, மற்றொன்று அண்டங்காக்கை.

ஊர்க்காக்கை ஏறத்தாழ 40 செ.மீ. நீளமுடையது. நெற்றியும் தொண்டையும் சிறகும் வாலும் கறுப்பு. பிடரியும் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். அண்டங்காக்கை அதனினும் பெரியது. அலகு தடித்து வளைந்தது, உச்சி முதல் வால் வரை ஒரே கறுப்பு, குரலும் கனத்தது.

தோற்றத்தினும் வாழ்க்கையே இவற்றைப் பெரிதும் பிரிப்பது. ஊர்க்காக்கை மாந்தரை விட்டு வாழாது. முற்றத்துச் சோறும் சந்தைக் கழிவும் அதன் உணவு. கூடு கட்டக் கம்பித் துண்டும் கொள்ளும். குயில் பெரிதும் முட்டையிடுவது அதன் கூட்டில்தான். அண்டங்காக்கை ஊர்ப்புறத்தும் வாழும். ஊரில்லாக் காட்டினும் வாழும். புலி அடித்த இரை கிடக்குமிடத்தை அதன் கரைதல் கொண்டே வேட்டுவர் அறிந்தனர்.

1817-இல் பிரஞ்சுப் பறவைநூலார் வியேயோ ஊர்க்காக்கைக்கு இலத்தீனில் இட்ட பெயர் 'ஒளிர்வது' எனப் பொருள்படும். சாம்பற் கழுத்துப் பறவைக்கு ஒளிரும் பெயர்! உண்மையில் முழுமேனியும் கறுத்து மின்னுவது அண்டங்காக்கையே. பறவையோடு வாழ்ந்த தமிழரோ அதன் மேனியை நோக்கிப் பெயரிட்டாரல்லர், அது வாழும் இடத்தை நோக்கினர், ஊர்க்காக்கை என்றனர். அப் பெயரிலேயே அதன் வாழ்க்கை முழுதும் அடங்கிக் கிடக்கின்றது.

அவ் வேறுபாட்டை மறத்தல் சிறு பிழையன்று. காப்பித் தோட்டத்துப் புழுக்களை ஒழிக்கவென, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, இலங்கையினின்று மலேயாவின் கிள்ளானுக்குக் கொண்டு செல்லப்பெற்றது ஊர்க்காக்கையே. ஆப்பிரிக்கக் கீழைக்கரையில் பெருகி, அந் நாட்டுச் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்பதும் அதுவே. அவற்றுள் 10 இலக்கத்தைக் கொல்லும் திட்டத்தைக் கென்ய நாடு 2024-இல் அறிவித்தது.

கொண்டு சென்றவர் மாந்தர். கழிவைக் கொட்டி வளர்த்தவரும் மாந்தர். பழி மட்டும் பறவைக்கு! அதனினும் கொடிது, இரண்டையும் 'காக்கை' என ஒன்றாக்கி, ஒன்றன் பழியை மற்றொன்றின்மேல் ஏற்றுவது. பெயர் மறைந்தால் வேறுபாடு மறையும். வேறுபாடு மறைந்தால் நேர்மையும் மறையும்.

ஆதலின், நாளைக் காலை கூரைமேல் கரையும் பறவையின் கழுத்தைச் சற்றே நோக்குக. சாம்பலாயின் ஊர்க்காக்கை, கறுப்பாயின் அண்டங்காக்கை. அருகில் நிற்கும் பிள்ளைக்கும் அப் பெயரைச் சொல்லித் தருக!