பாட்டியின் பாட்டி பெயர்



உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய அப்பா பெயரும் தெரிந்திருக்கலாம். நம் இனிஷியல் வழக்கம் அதைக் காப்பாற்றிக் கொடுத்துவிடுகிறது. பாட்டியின் அம்மா பெயர் என்ன? அந்த அம்மாவைப் பெற்றவள் பெயர்? என் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு தலைமுறைக்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை.

இதே கேள்வியைக் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், பிரெஞ்சு பேசும் பழைய குடும்பம் ஒன்றில் கேளுங்கள். பல வீடுகளில் பதில் 1660-களுக்குப் போகும். அதுவும் தாய்வழியிலேயே போகும்.

அதற்குக் காரணம் பங்குக்கோயில் ஏடு. பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன் 1608-இல் கியூபெக் குடியிருப்பை நிறுவினார். 1617-இல் பாரிஸ் மருந்துக்கடைக்காரர் லூயி எபேர், மனைவி மரி ரோலேயோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்து இறங்கினார். அதன்பின் குடியேறியவர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் பங்குத்தந்தையர் ஏட்டில் எழுதி வைத்தார்கள். அந்தத் திருமணப் பதிவில்தான் எல்லாமே இருக்கிறது. மாப்பிள்ளையின் தாய் தந்தை, பெண்ணின் தாய் தந்தை என நால்வர் பெயரும் அதில் வரும். பெண் எத்தனை வருஷம் புகுந்த வீட்டில் வாழ்ந்தாலும் ஏட்டில் அவள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பாள். ஆகவே ஒரு திருமணத்தைக் கண்டுபிடித்தால் அதற்கு முந்தைய தலைமுறையின் இரண்டு திருமணங்களுக்கு வழி தெரியும். படிப்படியாக ஏறிப் போகலாம். அதே காலத்து ஆங்கிலக் குடியேற்றங்களின் பதிவுகளிலோ, மனைவி பெரும்பாலும் கணவனின் குடும்பப் பெயருக்குள் மறைந்துவிடுவாள். தேடுகிறவர்கள் அங்கேயே முட்டி நிற்பார்கள்.

இந்த ஏடும் ஒருமுறை அழிந்தது. 1640-இல் கியூபெக் தேவாலயம் தீப்பற்றியபோது அதுவரை எழுதியதெல்லாம் சாம்பலானது. அப்போது அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் சில நூறு பேர்தான். யாருக்கு எப்போது கல்யாணம், எந்தக் குழந்தை எப்போது பிறந்தது என்று அவர்கள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, ஏட்டை மறுபடி எழுதினார்கள். இதைப் படித்தபோது நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. பிற்பாடு ஒவ்வொரு பதிவையும் இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றைக் கோயிலிலும் மற்றொன்றை நீதிமன்றத்திலும் வைக்கும் வழக்கம் வந்தது.

தாய்வழியில் ஏறிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். 1663 முதல் 1673 வரை, பதினான்காம் லூயி மன்னரின் செலவில் சுமார் 770 பெண்கள் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தார்கள். ‘மன்னரின் மகள்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். அரசகுமாரிகள் அல்லர். பலர் தகப்பனை இழந்தவர்கள்; பாரிஸின் அநாதை விடுதியிலிருந்து வந்தவர்களும் உண்டு. குடியேற்றத்தில் ஆண்கள் மிகுதி, பெண்கள் குறைவு. தகப்பன் ஸ்தானத்தில் இருந்து மன்னர் சீதனம் கொடுத்தார். பலருக்கு 50 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்). ஆனாலும் மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. நோட்டரி முன் ஒப்பந்தம் எழுதிவிட்டு, பிறகு அதை ரத்து செய்து வேறொருவரை மணந்தவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனாலும் திருமண ஏட்டில், நாதியற்று வந்த அந்தப் பெண்ணின் பெயரோடு, அவளைப் பெற்றவர்களின் பெயரையும், பிரான்சில் அவள் பிறந்த பங்கின் பெயரையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆண்களிலும் எழுதத் தெரியாதவர்கள் நிறைய. 1634-இல் வந்த தச்சர் சக்கரி குளூத்தியே, கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோடரியை வரைந்தார். இன்று பிரெஞ்சுக் கனடியர்களில் மிகப் பெரும் பகுதியினருக்கு அவர் மூதாதை.

தேடலில் தடுமாற்றமும் உண்டு. 1665-இல் வந்த படைவீரர்களுக்குப் பட்டப்பெயர்கள் இருந்தன: ‘லாஃப்ளர்’ என்றால் பூ, ‘சான்சூசி’ என்றால் கவலையில்லாதவன். பிள்ளைகளில் ஒருவன் குடும்பப் பெயரை வைத்துக்கொள்வான், இன்னொருவன் பட்டப்பெயரை. கூடப்பிறந்தவர்கள் ஏட்டில் அந்நியர்போல் தெரிவார்கள். பாதிரியார் சிப்ரியான் தங்கே இந்தச் சிக்கல்களை அவிழ்த்து, 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வம்சாவளி அகராதி வெளியிட்டார். 1966 முதல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகம் ஏடுகளைக் கணினியில் ஏற்றி, குடும்பம் குடும்பமாக இணைத்து வருகிறது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த மண் ஏற்கெனவே பழங்குடி மக்களுடையது. பழங்குடியினர் பலரும், ஆப்பிரிக்காவில் வேர்கொண்ட சிலரும் அந்தக் குடியேற்றத்தில் அடிமைகளாக இருந்தார்கள். வரலாற்றாளர் மார்செல் த்ருதேல் ஏடு ஏடாகத் தேடி, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கண்டெடுத்தார். அவர்களும் அதே கோயில் ஏட்டில் இருக்கிறார்கள். ஞானஸ்நானத்தில் இட்ட ஒரு பெயர், குத்துமதிப்பாக ஒரு வயது, பக்கத்தில் உடைமையாளரின் பெயர். தாய் பெயர் எழுத வேண்டிய இடத்தில், பெரும்பாலும் ‘தெரியாது’.