சத்தம் கேட்கும், சொல் புரியாது

வெளியூரிலிருந்து பேரன் போன் செய்கிறான். பாட்டி போனைக் காதில் வைக்கிறார். "ம்... நல்லா இருக்கேம்ப்பா. இந்தா, அம்மாகிட்டப் பேசு" என்று உடனே கொடுத்துவிடுகிறார். பாட்டிக்குப் பேச விருப்பமில்லையோ என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. பேரன் சொன்னது அவருக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சம்.

வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற ஒலிகளைத்தான். குழந்தைகளின் குரல் அப்படிப்பட்டது. 'ச' போன்ற மெல்லிய ஓசைகளும் மங்கிவிடும். அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. கத்திப் பேசினால் சத்தம்தான் கூடும், சொல் தெளியாது.

என்ன செய்யலாம்? நிதானமாகப் பேசுங்கள். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள். முடிந்தால் வீடியோ காலில் பேசுங்கள். உதட்டசைவு தெரிந்தால் பாதி புரிந்துவிடும். வீட்டில் கூட இருப்பவர்கள் டிவியையும் மிக்ஸியையும் நிறுத்திவிட்டுப் போனைக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுப்போன சொல்லை எடுத்துக் கொடுங்கள். காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்கே பாட்டி தலைவாரிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

சத்தமாக வேண்டாம். நிதானமாகப் பேசுங்கள். பாட்டி நிறையப் பேசுவார்.